உப்புத்தாள் உறையும் பெட்ரோல் பங்கும்: வட பிரிட்டனில் ஒரு பாட்டு வழிப் பயணம்

செவ்வாய், லிவர்பூல்

மேத்யூ தெருவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேவர்ன் கிளப்பின் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, பீட்டில்ஸ் முகம் பதித்த கோப்பையொன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் தேடி வந்தது அதே தெருவின் எதிர்ப்பக்கத்தில், 1976இல் தொடங்கி 1980 மார்ச்சில் காவல்துறைச் சோதனையோடு மூடப்பட்ட எரிக்ஸ் என்னும் நிலவறைக் கிளப் இருந்த இடத்தை. பீட்டில்ஸைப் பற்றித் தமிழில் எழுத வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது. இந்தப் பயணம், எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் லண்டனுக்குக் குடிபெயராமல் சொந்த ஊரில் இருந்தபடியே பாட்டுக் கட்டிய, நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத குழுக்களுக்கானது.

அந்தக் காலத்து வட பிரிட்டன் இசையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துவிடும் விளக்கம் ஒன்று உண்டு: மூடிய ஆலைகள், ஓயாத மழை, சாம்பல் நிற வானம், ஆகவே சோகப் பாட்டு. இதை நான் நம்புவதில்லை. மழை எல்லாக் காலத்திலும்தான் பெய்தது. 1978க்குப் பிறகு இந்த ஊர்களில் புதிதாக வந்தவை ஒரு கிளப், ஒரு இசைத்தட்டுக் கடை, தட்டுகளைக் கடைக்குக் கடை கொண்டுசேர்க்கும் ஒரு வேன், நள்ளிரவுக்கு முன் அவற்றை ஒலிபரப்பும் ஒரு வானொலி அறிவிப்பாளர் ஆகியவைதான். அவற்றின் தடத்தைப் பார்ப்பதற்கே கிளம்பினேன்.

எரிக்ஸை நடத்தியவர்களில் முதன்மையானவரான ரோஜர் ஈகிள், பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கென்று தனியாகப் பகல் காட்சி வைத்தார். இரவு நிகழ்ச்சிக்கு வர வயதில்லாத பள்ளி மாணவர்கள் அதே குழுக்களை மாலையிலேயே பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிந்தது. அங்கே நின்று கேட்டவர்கள் அடுத்த ஆண்டே மேடையேறினார்கள். 1977இல் ஜூலியன் கோப், இயன் மெக்கல்லக், பீட் வைலி என்ற மூன்று இளைஞர்கள் சேர்ந்து குருஷியல் த்ரீ என்று ஒரு குழு தொடங்கி, ஒரு கச்சேரிகூடச் செய்யாமல் சில வாரங்களில் கலைத்துவிட்டார்கள். பிறகு மூவரும் தனித்தனியே டியர்ட்ராப் எக்ஸ்ப்ளோட்ஸ், எக்கோ அண்ட் தி பன்னிமென், வா! ஹீட் ஆகிய குழுக்களுக்குத் தலைவர்களானார்கள். முதல் இரண்டு குழுக்களின் தொடக்ககாலத் தட்டுகளை வெளியிட்டது, பில் டிரம்மண்டும் டேவிட் பால்ஃபும் 1978இல் இதே ஊரில் தொடங்கிய சூ ரெக்கார்ட்ஸ்.

இந்த டிரம்மண்ட் விசித்திரமானவர். விண்வெளியிலிருந்து ஒரு சக்திக் கோடு ஐஸ்லாந்தில் இறங்கி, மேத்யூ தெருவின் கீழ்க்கோடியில் இருக்கும் சாக்கடை மூடி வழியாகச் சென்று, நியூ கினியில் மீண்டும் விண்வெளிக்கு ஏறுகிறது என்று அவர் எழுதியே வைத்திருக்கிறார். நானும் அந்த மூடியின் மேல் சிறிது நேரம் நின்றேன். எனக்கு எதுவும் ஏறவில்லை.

பக்கத்திலிருக்கும் பட்டன் தெருவில்தான் ஜெஃப் டேவிஸின் புரோப் ரெக்கார்ட்ஸ் கடை அப்போது இருந்தது. பின்னாளில் டெட் ஆர் அலைவ் குழுவின் பாடகராகப் பெயர்பெற்ற பீட் பர்ன்ஸ் கல்லாவில் நின்று, வாடிக்கையாளர் எடுத்து வரும் தட்டு தனக்குப் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே ஏசுவாராம். ஏச்சு வாங்கியவர்கள் மறுவாரமும் வந்தார்கள் என்பதுதான் அந்தக் கடையின் பெருமை.

லிவர்பூலில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் மைக்கேல் ஹெட். அவருடைய பேல் ஃபவுன்டன்ஸ் குழு 1984இல் வெளியிட்ட 'பசிபிக் ஸ்ட்ரீட்' ஆல்பத்தில், அன்றைய மின்னணு ஓசைகளுக்கு நடுவே, டிரம்பெட்டும் மென்மையான கிட்டாரும் அறுபதுகளின் சாயலோடு வரும். குழு கலைந்த பின் தம்பி ஜானுடன் சேர்ந்து ஷாக் என்ற குழுவைத் தொடங்கினார். 1991இல் 'வாட்டர்பிஸ்டல்' ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தார்கள். அதன் பிறகு ஒலிப்பதிவுக்கூடம் தீப்பற்றி எரிந்து, மூல நாடாக்கள் சாம்பலாகின. எஞ்சியிருந்த ஒரே பிரதியை, தயாரிப்பாளர் அமெரிக்காவில் தாம் எடுத்த வாடகைக் காரிலேயே மறந்து விட்டுவிட்டார். அது தேடிக் கிடைப்பதற்குள் அவர்களுடைய லேபிள், அதாவது தட்டை வெளியிடும் நிறுவனம், மூடப்பட்டிருந்தது. கடைசியில் 1995இல் மரீனா என்ற ஜெர்மன் லேபிள் அதை வெளியிட்டது. நான்கு ஆண்டு முன்னதாக வந்திருந்தால் தொண்ணூறுகளில் எழுந்த பிரிட்பாப் என்னும் கிட்டார் பாப் அலைக்கே இவர்கள் முன்னோடிகளாகக் கருதப்பட்டிருப்பார்கள் என்று ரசிகர்கள் சொல்வது மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன், பர்கன்ஹெட்

படகில் மெர்சி ஆற்றைக் கடந்தால் பர்கன்ஹெட். ஊரில் சுற்றிப் பார்க்க அதிகம் இல்லை. ஆனால் ஹாஃப் மேன் ஹாஃப் பிஸ்கட் பிறந்தது இங்கேதான் என்பதால் ஒரு பகலை ஒதுக்கினேன்.

பாடகர் நைஜல் பிளாக்வெல்லும் நண்பர்களும், வேலையில்லாதோருக்கு உதவித்தொகை வழங்கும் அரசுத் துறையின் பெயரை வைத்து, பீட்டில்ஸின் ஒரு பாட்டுத் தலைப்பைக் கிண்டல் செய்து, 'பேக் இன் தி டிஎச்எஸ்எஸ்' என்ற ஆல்பத்தை 1985இல் வெளியிட்டார்கள். வெளியிட்டது புரோப் கடையின் சொந்த லேபிளான புரோப் பிளஸ். அது சுயேச்சை இசைத்தட்டுகளின், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத தட்டுகளின், விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. சேனல் 4 தொலைக்காட்சியின் தி ட்யூப் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, அன்று மாலை டிரான்மியர் ரோவர்ஸ் அணி சொந்த மைதானத்தில் ஆடுகிறது என்று சொல்லி மறுத்தார்கள்; ஹெலிகாப்டர் அனுப்புகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்களாம், பலிக்கவில்லை. டிரான்மியர் அப்போது கால்பந்துப் பிரிவுகளில் கடைசிப் பிரிவில் கிடந்த அணி என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகழ் உச்சியில் 1986இல் குழுவைக் கலைத்தபோது, 'இசைக் கருத்து வேறுபாடு' என்று மற்றவர்கள் சொல்லும் காரணத்தைத் திருப்பிப் போட்டு, 'இசைக் கருத்து ஒற்றுமை' காரணமாகப் பிரிகிறோம் என்றார்கள். 1990இல் மீண்டும் கூடினார்கள்.

அந்த உதவித்தொகை வெறும் கேலிப் பொருள் அல்ல. 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வாரந்தோறும் கைக்கு வந்த சிறு தொகையில் வாடகையும் கொடுத்து, மீதி நேரமெல்லாம் ஒத்திகை பார்த்தவர்கள் ஏராளம். 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொழில்முனைவோர் உதவித் திட்டம், சொந்தத் தொழில் தொடங்கும் வேலையற்றவருக்கு ஓராண்டு காலம் வாரம் 40 பவுண்டு கொடுத்தது. வங்கிக் கணக்கில் 1,000 பவுண்டு காட்ட வேண்டும் என்ற நிபந்தனைக்கு, ஒருவரே கைமாற்றாக வாங்கிய பணத்தை நண்பர்கள் வரிசையாகக் காட்டிச் சமாளித்தார்கள். அன்றைய பிரதமர் தாட்சரின் அரசு கொடுத்த பணத்தில் தாட்சரைத் திட்டிப் பாட்டு எழுதினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

பர்கன்ஹெட் அமைந்திருக்கும் இந்த விர்ரல் தீபகற்பத்திலேயே, ஹெஸ்வால் என்ற ஊரில் 1939இல் பிறந்தவர்தான் ஜான் பீல். 1967 முதல் 2004இல் இறக்கும் வரை பிபிசி ரேடியோ ஒன்னில் இரவு நேரத்தில், வேறெவரும் ஒலிபரப்பாத தட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தவர். உலக சேவையிலும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி இருந்ததால், சிற்றலை வானொலியின் இரைச்சலுக்கு நடுவே மதுரையில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்க என்னைப் போன்றவர்களுக்கும் வாய்த்தது. தவறான வேகத்தில் தட்டைச் சுழலவிட்டுப் பாதியில் மன்னிப்புக் கேட்கும் அறிவிப்பாளரை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வியாழன், மான்செஸ்டர்

ஹசியெண்டா கிளப் 1982 முதல் 1997 வரை இயங்கிய இடத்தில் இப்போது அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டதால் நான் நிற்காமல் கடந்து, பழைய தட்டுகள் விற்கும் கடையொன்றுக்குள் நுழைந்தேன்.

கடைக்காரரிடம் டூருட்டி காலம் (Durutti Column) என்ற மான்செஸ்டர் குழுவின் தட்டு உண்டா என்று கேட்டதும், "வாங்கப் போகிறீர்களா, பார்க்கத்தானா?" என்றார். பார்க்க மட்டும்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்காகவே உள்ளறையிலிருந்து எடுத்து வந்து, நெகிழி உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 1980இல் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'தி ரிட்டர்ன் ஆஃப் தி டூருட்டி காலம்' ஆல்பத்தின் முதல் பதிப்பு அது. அட்டையின் இரு பக்கமும் உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. தச்சுப் பட்டறையில் மரத்தைத் தேய்க்கிற அதே உப்புத்தாள்தான். விரலால் தடவினால் சுரசுரவென்று அராவுகிறது. மூலைகளில் தாள் சற்றே எழும்பி, அடியில் பசை பழுப்பேறித் தெரிகிறது. ஓரிடத்தில் தாள் நேராக வெட்டப்படாமல் அட்டைக்கு வெளியே இம்மியளவு நீட்டிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் பக்கத்தில் நிற்கும் தட்டுகளின் உறைகளையெல்லாம் இது கீறிப் பாழாக்க வேண்டும் என்பதுதான் யோசனை. சிச்சுவேஷனிஸ்டுகள் என்ற கலை, அரசியல் கலகக் குழுவினர் பிரான்சில் ஒரு நூலுக்குச் செய்ததை ஃபாக்டரியின் டோனி வில்சன் இசைத்தட்டுக்குக் கொண்டுவந்தார். ஒட்டும் கூலிவேலையைச் செய்தவர்கள் அதே லேபிளின் ஜாய் டிவிஷன் குழுவினர். மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்க, பணத் தேவை இருந்த அக்குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸே பெரும்பகுதியை ஒட்டினார் என்று சொல்வதுண்டு.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு முரட்டு உறைக்குள் இருக்கும் இசை அப்படியொரு மென்மை. டூருட்டி காலத்தின் வினி ரைலி கிட்டாரை விரல்களாலேயே மீட்டுபவர். 'ஸ்கெட்ச் ஃபார் சம்மர்' என்ற முதல் பகுதியில், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் மின்னணுக் கருவியில் உண்டாக்கிய பறவை ஒலிகள் கீச்சிட, தாள இயந்திரம் மெல்லத் தட்ட, கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தன் எதிரொலியின் மேல் வந்து அமர்கிறது. பாட்டுச் சொற்கள் கிடையாது. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் சலிப்புத் தட்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; ஆனால் இந்த முதல் மூன்று நிமிடம் அப்பழுக்கற்றது.

மாலையில் பேருந்து பிடித்து வடக்கே மிடில்டனுக்குப் போனேன். கமீலியன்ஸ் குழுவின் ஊர். 1981இல் பீல் நிகழ்ச்சியில் வாசித்து, பெரிய நிறுவனமொன்றில் ஒப்பந்தமாகி, ஒரே ஒரு ஏழு அங்குலத் தட்டோடு வெளியே வந்து, 1983இல் சிறிய லேபிள் வழியாக 'ஸ்கிரிப்ட் ஆஃப் தி பிரிட்ஜ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். ரெஜ் ஸ்மித்திஸ், டேவ் ஃபீல்டிங் என்ற இரு கிட்டார்க்காரர்களில் யார் முன்னே, யார் பின்னே என்று பிரித்தறியவே முடியாதபடி இருவரும் பின்னி வாசிப்பார்கள். ஆல்பங்களின் உறை ஓவியங்களையும் ஸ்மித்திஸே தீட்டினார். 1987இல் மேலாளர் திடீரென இறந்ததும் குழு உடைந்தது. இந்த ஆல்பத்தை அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ஐந்து ராக் ஆல்பங்களுள் ஒன்றாக வைப்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வெள்ளி, விட்டன் ஜில்பர்ட்

டரம் நகரின் பேராலயத்தை உலகமே பார்க்கிறது. அங்கிருந்து வடமேற்கே சில மைல் தொலைவில் உள்ள விட்டன் ஜில்பர்ட் கிராமத்துக்கு, அங்கே குடியிருப்பவர்களைத் தவிர யாரும் போவதாகத் தெரியவில்லை. பேருந்தில் நான் ஒருவனே வெளியாள்.

பேடி மெக்கலூன், தம்பி மார்ட்டின் இருவரின் தந்தை இந்த ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தினார். பிள்ளைகள் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டே, பிரிஃபாப் ஸ்பிரவுட் என்று பொருளேதும் இல்லாத ஒரு பெயரில் குழு நடத்தினார்கள். 1982இல் தங்கள் சொந்தச் செலவில் முதல் தட்டை வெளியிட்டார்கள். அதன் நீளமான தலைப்பிலுள்ள சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால், பேடியின் காதலி போய்த் தங்கியிருந்த பிரெஞ்சு நகரமான லிமோஜின் பெயர் வரும். நியூகாசிலில் இசைத்தட்டுக் கடையில் பணியாற்றிய கீத் ஆம்ஸ்ட்ராங் அதைக் கேட்டுவிட்டு, தாம் தொடங்கியிருந்த கிச்சன்வேர் லேபிளில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

இங்கேதான் வேனின் கதை வருகிறது. லண்டனின் ரஃப் டிரேடு, யார்க்கின் ரெட் ரைனோ, லிவர்பூலின் புரோப், பிரிஸ்டலின் ரிவால்வர், நாரிச்சின் பேக்ஸ், எடின்பரோவின் ஃபாஸ்ட் முதலிய கடைகளும் விநியோகஸ்தர்களும் சேர்ந்து, கார்ட்டெல் என்ற பெயரில் ஒரு கூட்டு விநியோக வலையமைப்பை எண்பதுகளின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். ஒரு வட்டாரத்தில் அச்சான தட்டை அந்த வட்டாரத்து விநியோகஸ்தரிடம் கொடுத்தால், மற்ற வட்டாரங்களின் கடைகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். பெரிய நிறுவனம் ஒன்றின் தயவு தேவையில்லை. 1980 ஜனவரியிலிருந்து சுயேச்சைத் தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலும் வெளியானது. அதில் இடம்பெறத் தேவையான தகுதி ஒன்றே: தட்டு பெரிய நிறுவனங்களின் விநியோகத்தில் வந்திருக்கக் கூடாது. பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைப் பட்டியல் பொருட்படுத்தவில்லை. 1988இல் ரெட் ரைனோவும் 1991இல் ரஃப் டிரேடின் விநியோகப் பிரிவும் நொடித்துப்போன பின்னர் அந்த ஏற்பாடு மீளவில்லை. என்னுடைய ஏக்கமெல்லாம் இந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான். பாட்டுகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் ஒரு பெட்ரோல் பங்கின் பின்கட்டையும் நாரிச் நகரத்துக் கடையின் அலமாரியையும் மனிதர்களே கைமாற்றி இணைத்த அந்தச் சங்கிலி இல்லை.

பிரிஃபாப் ஸ்பிரவுட்டின் முதல் ஆல்பத்துப் பாட்டு ஒன்றை, ரேடியோ ஒன்னின் விமர்சன நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்திருந்த இசைக்கலைஞர் தாமஸ் டால்பி புகழ்ந்து பேசினார். அதைக் கேட்டு அவரையே தயாரிப்பாளராக அழைத்தார்கள். பேடி எழுதிக் குவித்து வைத்திருந்த பழைய பாட்டுகளிலிருந்து டால்பி தேர்ந்தெடுத்துச் செய்தது 1985இல் வந்த 'ஸ்டீவ் மெக்வீன்'. நடிகரின் குடும்பத்தார் ஆட்சேபித்ததால் அமெரிக்காவில் அது வேறு பெயரில் வெளியானது. 'வென் லவ் பிரேக்ஸ் டவுன்' பாட்டில் குழுவின் பாடகி வெண்டி ஸ்மித்தின் குரல், பேடியின் சொற்களுக்குப் பின்னால் மூச்சுக்காற்றாக வந்து போகும் விதத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. அவர்களுடைய ஆகப் பெரிய வெற்றியோ, 1988இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம்வரை போன 'தி கிங் ஆஃப் ராக் அண்ட் ரோல்' என்ற நையாண்டிப் பாட்டு. ஒரே ஒரு பழைய வெற்றியை வைத்துக் காலம் தள்ளும் பாடகனைப் பற்றியது அது. அந்த ஒரு பாட்டை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருப்பதைத் தலைவிதி என்றுதான் சொல்ல வேண்டும்.

சனி, பென்கெய்ட்லாந்து

எடின்பரோவில் மதியம்வரை இருந்தேன். கலைவிழாக் கூட்டம் தாங்கவில்லை. கிழக்கே பென்கெய்ட்லாந்துக்குப் போய்விட்டேன். டைன் என்ற சிற்றாறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பழைய பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் இயங்கிய காசில் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடம், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கதைகளுக்கு இடமானது.

எடின்பரோவின் ஜோசப் கே குழு 1980இன் இறுதியில் இங்கே தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது. கேட்டுப் பார்த்தவர்களுக்கு அது அளவுக்கு மீறிப் பளபளப்பாகத் தோன்றவே, வெளியிடாமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிரஸ்ஸல்ஸ் போய், கிட்டார்கள் கீறிக் கிழிக்க, பால் ஹேக்கின் குரல் பாதி மூழ்கிப்போகும்படி எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்து, 1981இல் 'தி ஒன்லி ஃபன் இன் டவுன்' என வெளியிட்டார்கள். அதே ஆண்டில் குழுவும் முடிந்தது. ஒரே ஆல்பம்தான்.

அதே கூடத்துக்குச் சில ஆண்டுகளில் கிளாஸ்கோவின் ப்ளூ நைல் வந்தது. ஒலிப்பொறியாளர் கேலம் மால்கமுடன் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு டிரம் ஓசை எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்று செதுக்கினார்கள். உயர்தர ரெக்கார்டு பிளேயர் செய்யும் கிளாஸ்கோவின் லின் நிறுவனம் இவர்களுக்காகவே இசை வெளியீட்டில் இறங்கி, 'எ வாக் அக்ராஸ் தி ரூஃப்டாப்ஸ்' ஆல்பத்தை 1984இல் வெளியிட்டது. அடுத்த ஆல்பமான 'ஹாட்ஸ்' வர 1989 ஆயிற்று. பிறகு 1996, 2004. மொத்தம் நான்கே ஆல்பங்கள். ஜோசப் கே செதுக்கலைக் கண்டு பயந்தோடியது, ப்ளூ நைல் செதுக்கலிலேயே குடியிருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

ஞாயிறு, கிளாஸ்கோ

இங்கே படிக்கும் என் அண்ணன் மகள் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தாள். ப்ளூ நைலைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே, "சித்தப்பா, அது டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டுல வர்ற குழுதானே? எனக்கு மனப்பாடம்" என்றாள். 2024இல் வந்த அந்தப் பாட்டில் ப்ளூ நைலின் பெயரும் 'தி டவுன்டவுன் லைட்ஸ்' பாட்டும் வருவது உண்மைதான். நாற்பது ஆண்டு தேடிச் சேர்த்த என் பெருமை அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

இருவரும் வெஸ்ட் பிரின்சஸ் தெருவில் நடந்தோம். மணற்கல் அடுக்கு வீடுகள் வளைந்து போகும் இந்தத் தெருவில் ஆலன் ஹார்ன் குடியிருந்த வீடுதான் போஸ்ட்கார்டு ரெக்கார்ட்ஸின் அலுவலகம், கிடங்கு எல்லாமும். 1979இல் எட்வின் காலின்ஸுடன் சேர்ந்து தொடங்கினார். மோட்டவுன் என்ற அமெரிக்க லேபிளின் 'இளைய அமெரிக்காவின் ஒலி' என்ற விளம்பர வாசகத்தைக் கேலி செய்து 'இளைய ஸ்காட்லாந்தின் ஒலி' என்று போட்டுக்கொண்டார்கள். சின்னம், முரசு கொட்டும் பூனை. காலின்ஸின் ஆரஞ்சு ஜூஸ், எடின்பரோவின் ஜோசப் கே, ஈஸ்ட் கில்பிரைடிலிருந்து பதினேழு வயதுகூட நிரம்பாத ராடி ஃபிரேமின் அஸ்டெக் கேமரா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கோ-பிட்வீன்ஸ் என நான்கு குழுக்கள். 1981 முடிவதற்குள் லேபிளை மூடியாயிற்று.

"ரெண்டு வருஷத்துக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டாள். அவர்கள் செய்த காரியத்தை விளக்கினேன். பங்க் இசைக்குப் பின் எல்லோரும் கறுப்புச் சட்டையும் இறுகிய முகமுமாகத் திரிந்த நேரத்தில், அமெரிக்காவின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கரகரப்பையும் சிக் குழுவின் டிஸ்கோ கிட்டாரையும் ஒரே பாட்டில் சேர்த்து, கூச்சத்தையும் காதல் தோல்வியையும் சிரித்தபடி பாடினார்கள். பெரிய நிறுவனத்துக்குப் போன பின் ஆரஞ்சு ஜூஸின் 'ரிப் இட் அப்' 1983இல் எட்டாம் இடம் வரை ஏறியது. அதன் அடித்தளத்தில் களகளவென்று ஓடும் ரோலண்ட் டிபி-303 என்ற மின்னணு பேஸ் கருவியின் ஓசை, சில ஆண்டு கழித்து நடன இசையையே ஆளப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. காலின்ஸ் 2005இல் மூளை இரத்தக்கசிவால் பேச்சிழந்து, சொல் சொல்லாக மீட்டுப் பழகி, மறுபடி ஆல்பங்கள் வெளியிட்டார் என்பதையும் சொன்னேன்.

பிற்பகலில் பழைய தட்டுக் கடையில் 'ஹாட்ஸ்' ஆல்பத்தின் புதிய அச்சு வாசலுக்கு எதிரிலேயே அடுக்கியிருந்தது. போஸ்ட்கார்டின் அசல் ஏழு அங்குலத் தட்டுகள் கல்லாவுக்குப் பின்னால், கைக்கெட்டாத உயரத்தில் இருந்தன. அவற்றின் விலையைப் பார்த்துவிட்டு அவள் தன் மாத வாடகையைச் சொன்னாள். நான் ஹெட்போனைக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்தேன். அஸ்டெக் கேமரா இனிமை என்றாள். ஜோசப் கேயை இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுபதிப்பு இருந்ததால் தன் காசிலேயே வாங்கிக்கொண்டாள். ஆரஞ்சு ஜூஸ் பாடகருக்குச் சுருதியே சேரவில்லை என்பது அவள் தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. பார்ட்டிக் ரயில் நிலையம் வரும்வரை அதைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தோம்.